விசிலைக் கைமாற்றிய ஞாயிற்றுக்கிழமை

அருவி பந்தோபஸ்தில் நிற்கும் எந்தக் காவலருக்கும் முதல் சீசனிலேயே ஒரு சேற்றுப்புண் வரும். உங்களுக்கும் வரும், பயப்படாதீர்கள். ஷூவுக்குள் தண்ணீர் இறங்கி, சாக்ஸ் ஊறி, காலை முதல் சாயங்காலம் வரை அதிலேயே நின்றால் விரலிடுக்கு வெளுத்து வெடிக்கும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவித் துடைத்து, களிம்பு பூசி, ரெண்டு நாள் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும். எனக்குப் பல சீசன்களில் வந்திருக்கிறது, ஆறியும் இருக்கிறது. ஒரு தடவை வந்தது மட்டும் அப்படி ஆறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்தேன். குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பகுதிக்குச் சீசன்தோறும் என்னைத்தான் பொறுப்பாகப் போடுவார்கள். புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள். அருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்துவதுகூடக் காதில் விழாது. வழுக்கும் பாறை, விலகாத கூட்டம், பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழும் தாய், கழுத்துச் சங்கிலியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் துழாவும் பெண். இவ்வளவுக்கும் நடுவில் விசிலும் கண்ணும்தான் நம் ஆயுதம். அந்த இடத்தில் நிற்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கர்வம் என்றே சொல்கிறேன், மறைக்கவில்லை.

அந்த வருடம் சீசன் முடிந்த பிறகும் புண் ஆறாமல், பாதம் சிவந்து வீங்கி, ஷூ போட முடியாமல் போனதும் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுகர் எப்பப் பாத்தீங்க?” என்றார்.

“எனக்கு எதுக்கு டாக்டர் சுகர்? நான் நாள் பூரா நிக்கேன், நடக்கேன்.”

அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் என்னை உட்காரவைத்து, என் கண்ணைப் பார்த்து, “மேடம், இது ரொம்ப நாளா இருந்திருக்கு. காலைக் காப்பாத்தணும்னா இன்னைக்கே அட்மிட் ஆகணும். இன்சுலின் ஊசி போடணும்” என்றார்.

காலைக் காப்பாற்ற வேண்டும் என்ற வார்த்தையைவிட ஊசி என்ற வார்த்தைதான் என்னை உலுக்கியது. எங்கள் பக்கத்தில் சர்க்கரை வியாதிக்காரர்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். மாத்திரை போடுபவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஊசிக்குப் போனவர்கள் முடிந்தார்கள். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். வார்டில் படுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த என் காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் ஒரு மூலையில் உட்கார்ந்து மனு வாங்கும் வேலைதான் என்று நினைத்தபோது, இத்தனை வருடச் சர்வீஸில் முதல்முறையாக அழுதேன்.

புண் ஆறியது. வீட்டுக்கு வந்தேன். இலஞ்சியில் தென்னந்தோப்பு குத்தகை பார்க்கும் என் வீட்டுக்காரர், நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வீட்டைத் துடைத்து வைத்திருந்தார். சீனி டப்பா இல்லை. வெல்லம் இல்லை. கொல்லையில் பழுத்திருந்த கதலி வாழைத்தார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் பாகற்காய்ப் பொரியல், ராத்திரி பாகற்காய்க் குழம்பு. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“என்னைய என்ன கைதியாவா வச்சிருக்கீய?”

அவர் தட்டை மறுபடியும் என் பக்கம் நகர்த்தினார். “கைதிக்குக்கூட நேரத்துக்குச் சோறு போட்டுருதீய. ஒனக்கு இத்தன வருசத்துல எவன் போட்டான், சொல்லு?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் என் வியாதியைப் பற்றி அதுவரை எவரும் சொன்னதில் அதுதான் மிகச் சரியான பேச்சு. பந்தோபஸ்து என்றால் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கும் வரும், வராமலும் போகும். பசித்தால் டீயும் வடையும். வீட்டுக்கு வந்ததும் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொள்வது. இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். உங்களில் சிலர் இப்போதே அப்படித்தான் பேசுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நர்ஸ் ஒருவர் இருந்தார். கீழப்பாவூர்க்காரர். என்னிடம் முதலில் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. “ஒங்க டூட்டி எப்படி இருக்கும்னு சொல்லுங்க. விடிஞ்சதுல இருந்து சொல்லுங்க” என்றார். சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம நின்னா சுகர் கீழ எறங்கிரும். ஏறுறதாவது மெதுவாத்தான் ஆளைத் திங்கும். எறங்குறது நின்ன எடத்துலயே தள்ளிரும். ஒங்களுக்கு ஊசியவிட டிபன் பாக்ஸ்தான் முக்கியம், பாத்துக்கிடுங்க.”

பிறகு டாக்டரிடம் பேசி, என் வேலை நேரத்துக்குத் தக்கபடி அளவை மாற்றித் தந்தார்கள். காலையும் இரவும் வீட்டிலேயே ஊசி. நடுவில் வேளை தவறாமல் சாப்பாடு.

கல்லெறி நடந்த தெருவில் முன்வரிசையில் நின்றிருக்கிறேன். கத்தியோடு ஓடியவனை மடக்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சின்ன ஊசியை என் வயிற்றில் நானே குத்தும் முதல் தடவை, கை அந்தரத்திலேயே நின்றது. நர்ஸ் பொறுமையாகக் காத்திருந்தார். “பிடிச்சு வச்ச சதைய விட்டுட்டீங்க மேடம்” என்றார். மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் விட்டேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குத்தப் போனேன். “கண்ணத் தொறங்க! போலீஸ்காரங்க கண்ண மூடிக்கிட்டா நாங்க என்ன செய்ய?” என்று அதட்டினார். சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக ஊசி இறங்கிவிட்டது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட இல்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் படிந்தது. தட்டில் பாதி காய்கறி, சோறு அளவோடு. பாகற்காயை வாரத்துக்கு ஒரு நாள் என்று வீட்டுக்காரரிடம் பேசி முடித்தேன். அவியலும் கீரையும் திரும்பி வந்தன. பண்டிகை நாளில் உளுந்தஞ்சோறு ஒரு கரண்டி. சாயங்காலமானால் அவர் என் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து, டார்ச் அடித்து, விரல் விரலாகப் பார்ப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்த நேரம்தான் நாங்கள் இருவரும் அன்றைய நாளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நேரமாகிவிட்டது.

வீட்டில் எல்லாம் சரி. வேலைக்குத் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை.

எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ. சண்முகவேல் என்னைவிட வயதில் சின்னவர். பெரிய மீசை, பெரிய குரல், நல்ல மனசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, இத வெளிய சொல்லிக்கிடாதீங்க. சொன்னீங்கன்னா ஒங்களைத் தூக்கி மூலையில வச்சிருவாங்க. ஊசிய வீட்டுல போட்டுட்டு வாங்க, இங்கன ஒருத்தனுக்கும் தெரிய வேண்டாம்” என்றார். அன்போடுதான் சொன்னார்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்கும்போதெல்லாம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஒரு ஏட்டு நினைவுக்கு வந்தார். ஒரு தேரோட்டத்தின்போது அவர் தள்ளாடி, நாக்குழறி, ரதவீதியில் விழுந்தார். கூட்டம் சிரித்தது. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்திருக்கிறான் என்று பேசினார்கள். வாழ்நாளில் குடிக்காத மனிதர். அவருக்குச் சர்க்கரை இருந்ததும், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நின்றதும் அவர் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்றவர்களில் யாராவது ஒரு வாய் சீனித்தண்ணீர் கொடுத்திருப்போம். அவர் பிழைத்தார். ஆனால் அந்தப் பேச்சு அவர் ஓய்வு பெறும்வரை கூடவே வந்தது.

நான் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மேடம், பேசாம ஸ்டேஷன்லயே இருங்க. ஒடம்பு முக்கியம்” என்றார்.

“சார், ஒரு சீசன் பாருங்க. என்னால முடியலைன்னா நானே சொல்லிருதேன்.”

“சொல்ல மாட்டீங்க. போலீஸ்காரன் எவனும் முடியலைன்னு சொல்லி நான் பாத்ததில்ல.”

“நான் சொல்லுவேன் சார்.”

அவர் “சரி” என்றார்.

சீசன் தொடங்கிய முதல் நாள் ரோல்காலில் என் குழுப் பெண்கள் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை. ஊசி போடுகிறேன். திடீரென்று நான் தடுமாறினால் அது வேறொன்றும் அல்ல, சுகர் இறங்குகிறது என்று அர்த்தம். சட்டையின் இடது பையில் குளுக்கோஸ் இருக்கும், எடுத்து வாயில் போடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பின்வரிசையில் இருந்த இசக்கியம்மாள் என்ற காவலர், சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, கையைத் தூக்கினாள்.

“அக்கா, நீங்க தடுமாறுனா நாங்க தூக்குதோம். ஆனா நீங்க சும்மாவே எங்களத் திட்டுவீங்களே, அது சுகரா இல்ல நீங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரத்திலேயே குளுக்கோஸ் பாக்கெட் சாரலில் நனைந்து பசையாகி, சட்டைப் பை முழுக்க எறும்பு ஏறியது. சல்யூட் அடித்துக்கொண்டே நெளிந்தேன். அடுத்த நாளிலிருந்து இறுக்கமாக மூடும் சின்ன டப்பா. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும் என்றுதான் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அருவிக்கரையில் நிற்பவள் எப்போதும் நனைந்துதான் இருப்பாள். குளிரில் கை எப்போதும் நடுங்கத்தான் செய்யும். ஒரு நாள் அப்படித்தான் குளிர் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்து, கால் மடங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இசக்கிதான் டப்பாவைத் திறந்து வாயில் கொட்டினாள்.

நர்ஸிடம் போய்ச் சொன்னேன். “வேர்வையும் நடுக்கமும் ஒங்களுக்கு உதவாது. அதுக்கு முந்தி ஒடம்பு வேற ஏதாச்சும் சொல்லியிருக்கும். யோசிச்சுப் பாருங்க” என்றார். யோசித்தேன். உதட்டோரம் மரத்துப்போனது. அதற்கும் முன்னால், ஒன்றுமில்லாத காரியத்துக்கு ஒருத்தியிடம் அநியாயத்துக்குக் கோபப்பட்டிருந்தேன். இசக்கி கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் இருந்தது. என் கோபத்தில் இரண்டு வகை. வேலைக்காக வரும் கோபம் ஒன்று, அதை நான் நிறுத்த நினைத்தால் நிற்கும். மற்றது நிற்காது. அந்த நிற்காத கோபம் வந்தால் கையைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, விரலைக் குத்திச் சுகர் பார்ப்பேன். ஈரக் கையோடு பார்த்தால் மிஷின் தப்பாகக் காட்டும். பெரும்பாலும் இறங்கித்தான் இருந்தது. பிறகு எனக்கும் இசக்கிக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு. நான் எல்லை மீறிக் கத்தினால் அவள், “அக்கா, சாப்புட்டாச்சா?” என்று கேட்க வேண்டும். நான் என்ன பதில் சொன்னாலும் சரி, உடனே விசிலை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். இது நான் தெளிவாக இருந்தபோது போட்ட சட்டம். தெளிவில்லாதபோது அதோடு வாதாடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே போட்டது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையிலிருந்து சாரலும் வெயிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை. பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருப்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அன்று மத்தியானம் வரை அதற்குள்ளேதான் விழுந்தது. பெண்கள் பகுதியில் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு மாற்றாக வர வேண்டிய குழு தென்காசிச் சாலையில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. என் டிபன் பாக்ஸ் மேலே உதவி மையத்தில் இருந்தது. பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றேன். இன்னும் கொஞ்ச நேரம், வந்துவிடுவார்கள் என்று நின்றேன்.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். தடை செய்ததுதான். தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான். அன்று நான் அவளிடம் போய்க் கத்திய கத்தலில் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவள் மன்னிப்புக் கேட்டுத் தலையை அலசிவிட்டாள். என்னால் நிறுத்த முடியவில்லை.

இசக்கி என் காதோரம் வந்தாள். “அக்கா, சாப்புட்டாச்சா?”

“எனக்கு ஒண்ணுமில்லட்டி! போய் ஒன் எடத்துல நில்லு!”

அவள் நகரவில்லை. அந்த நேரம் நான் அருவியை நிமிர்ந்து பார்த்தேன். மேலே, பாறையை விட்டுத் தண்ணீர் கிளம்பும் இடத்தில், வெள்ளை கொஞ்சம் மங்கி இருப்பதுபோல் தெரிந்தது. மலைக்குள் பெருமழை பெய்தால் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும், இலையும் சுள்ளியும் வரும், பின்னாலேயே வெள்ளம் வரும். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இப்போது எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. இசக்கியின் முகமும் மங்கல்தான். உதட்டோரம் மரத்திருந்தது.

என் சர்வீஸில் அப்படி ஒரு நிலையில் நான் நின்றதே இல்லை. எதிரில் ஆபத்து இருக்கிறதா, இல்லை என் கண்ணுக்குள் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. காக்கி போட்டவள் தன் கண்ணை நம்பித்தான் வேலை பார்க்கிறாள். அந்தக் கண்ணை நம்ப முடியாமல் போனால்?

“ஏட்டி இசக்கி, தண்ணி நிறம் மாறுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?”

அவள் பார்த்தாள். “வெள்ளையாத்தான் இருக்குக்கா.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா எல வருது. இப்பத்தான் ஒரு சுள்ளி கால்ல இடிச்சுது.”

அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. ஆள்களை வெளியேற்றியபின் வெள்ளம் வராவிட்டால் நாலு பேர் நம்மைத் திட்டுவார்கள். வெளியேற்றாமல் வந்துவிட்டால் நாம் பதில் சொல்ல வேண்டிய இடமே வேறு. கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினேன். கொடுக்க மனசு வராமலே அவள் கையில் வைத்தேன். பல வருடமாக அந்த இடத்தில் என் மூச்சுதான் அதில் போயிருக்கிறது.

“வெளிய எடு. எல்லாரையும். ஆம்பளைங்க பக்கமும் சொல்லிரு. இனிமே நீதான் இங்கன. என்னையப் பாக்காத.”

டப்பாவைத் திறந்து குளுக்கோஸை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு, இரண்டு படி மேலேறி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். உட்கார்வதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது என்பது எனக்கு நானே இட்ட உத்தரவு. எழுந்து ஓட வேண்டும் என்று ஒவ்வொரு நரம்பும் இழுத்தது. இப்போது எழுந்தால் விழுவேன், விழுந்தால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேர் கூட்டத்துக்குக் குறைவார்கள். அதை மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே இசக்கியின் விசில் கேட்டது. நீளமாக, விடாமல். “தண்ணி நல்லாத்தான விழுது, எதுக்கு வெரட்டுறீங்க?” என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். இசக்கி அவரோடு பேசவில்லை. அவர் இடுப்பில் இருந்த குழந்தையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு படியேறினாள். அந்த அம்மா சண்டை போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். மற்றப் பெண் காவலர்கள் கையோடு கை கோத்து, தண்ணீருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வரிசையாக நின்று, ஓரடி ஓரடியாகக் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நான் அவர்களுக்கு ஒருபோதும் சொல்லிக்கொடுக்காத முறை அது. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் போனதும் கையைத் துடைத்துச் சுகர் பார்த்தேன். ஏறத் தொடங்கியிருந்தது. உதவி மையத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்தேன். பார்வை தெளிந்தது. தெளிந்த கண்ணோடு அருவியைப் பார்த்தபோது அது செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

எழுந்து இறங்கினேன். பெண்கள் பகுதி ஏறக்குறையக் காலியாகியிருந்தது. கடைசியாக, கம்பியோரம் ஒரு பாட்டியம்மா மட்டும் காலில் சுளுக்கு விழுந்து நகர முடியாமல் இருந்தார். நானும் இன்னொரு காவலரும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து படியில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்தது. நாங்கள் நின்ற கம்பி தெரியவில்லை. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. சண்டை போட்ட அந்த அம்மா குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் ஒரு வீடியோ வந்தது. பின்னால் மக்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். முன்னால் படியில் ஒரு பெண் போலீஸ் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். அந்தப் பெண் போலீஸ் நான்தான். மத்தியானத்துக்குள் தென்காசி முழுக்க ஒவ்வொரு போனிலும் அது ஓடியது. வீட்டுக்காரரின் தோப்புக்குத் தேங்காய் வாங்க வந்தவர்கூட அவரிடமே அதைக் காட்டியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். எஸ்.ஐ. சண்முகவேலும் அங்கே நின்றார். இசக்கியையும் வரச்சொல்லியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

“அந்த நேரத்துல எதுக்கு உக்காந்தீங்க?”

“சுகர் எறங்கிருச்சு சார். என்னால முடியாதுன்னு தெரிஞ்சுது. முடியலைன்னா சொல்லுவேன்னு ஒங்ககிட்ட சொல்லியிருந்தேன். சொன்னேன். பொறுப்ப ஒப்படைச்சிட்டுத்தான் உக்காந்தேன்.”

இசக்கியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “சார், மன்னிக்கணும். அக்கா உக்காராம நின்னுருந்தாங்கன்னா நான் அவங்க ஆர்டருக்குக் காத்துக்கிட்டு நின்னுருப்பேன். கண்ணு மங்குன நேரத்துல அவங்க எனக்கு என்ன ஆர்டர் போட்டுருப்பாங்க? அவங்க உக்காந்ததாலதான் சார் அங்கன ஒருத்தரும் சாகல.”

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். “விளக்கத்த நானே எழுதுதேன்” என்றார். பிறகு என்னிடம், “சொல்ல மாட்டீங்கன்னு நான் சொன்னது தப்பு மேடம்” என்றார். அன்றே ஓர் உத்தரவும் போட்டார். அருவியில் நிற்கும் எவருக்கும் மாற்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மத்தியானச் சாப்பாடு நின்ற இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதற்கு ஒரு வண்டி தனியாக. அருவிக்கரையில் உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வரப்போகிறதே, அது அப்படி வந்த ஏற்பாடு. அதை வாங்கிப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இது நிறுத்த முடிந்த கோபம்தான், ஆனால் நிறுத்த மாட்டேன்.

பாராட்டுப் பத்திரங்கள் என் வீட்டில் சில உண்டு. திருடனைப் பிடித்ததற்கு, தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்ததற்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் காவல்துறையில் உங்கள் தலைசிறந்த வேலை எது என்று கேட்டால், இரண்டு படி ஏறிப்போய் உட்கார்ந்ததுதான் என்பேன். தன் இடத்தை விட்டு நகராமல் நிற்பது பெரிய காரியம்தான். எப்போது நகர வேண்டும், யார் கையில் கொடுத்துவிட்டு நகர வேண்டும் என்று தெரிந்திருப்பது அதைவிடப் பெரியது. அதற்கு முதலில் நம் உடம்பை நாம் அறிந்திருக்க வேண்டும். அடுத்து, பக்கத்தில் நிற்பவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் அருவி அடங்கி, மறுபடியும் குளிக்க அனுமதித்தார்கள். காலையில் டூட்டி மாறும் நேரம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாகன நிறுத்தம் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் நின்றோம். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் யூனிஃபார்மில்.

“அண்ணாச்சி, எனக்குச் சீனி இல்லாம ஒண்ணு” என்றேன்.

கடைக்காரர் தலையாட்டிவிட்டு, எஸ்.ஐ. சண்முகவேலிடம் திரும்பி, “சாருக்கு எப்பவும் போல ஸ்ட்ராங்கா, சீனி தூக்கலாத்தான?” என்று கேட்டார்.

சண்முகவேல் என்னைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். அருவியில் கூட்டத்தை விலக்குவாரே, அந்தப் பெரிய குரலில், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இல்ல அண்ணாச்சி. எனக்கும் சுகர் இருக்கு. மூணு வருசமா இருக்கு. சீனி இல்லாமலே போடுங்க.”